ஓக் மலைக்குத் துக்கம் விசாரிக்கப் போன ஆறு நாட்கள்

முதல் நாள்: ஆகஸ்டு 11, 2023, ரெய்க்யவிக்

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்த செய்தி தாமதமாகத் தெரியவந்தால், எத்தனை மாதம் கழிந்திருந்தாலும் அந்த வீட்டுக்கு ஒருமுறை போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வருவது வழக்கம். ஐஸ்லாந்துக்கு எதற்காகப் போகிறாய் என்று கேட்டவர்களுக்கு நான் இதைத்தான் பதிலாகச் சொன்னேன். அங்கே ஓக் என்ற மலையின்மேல் இருந்த ஒரு பனியாறு இறந்துவிட்டதாக 2014-இல் அறிவித்தார்கள். 2019-இல் அதற்கு நினைவுத் தகடு பதித்தார்கள். அந்தத் தகட்டையும், அதே பனியைப் பற்றிக் கலைஞர்கள் செய்திருக்கும் வேறு சில வேலைகளையும், அவை எந்த மண்ணிலிருந்து எழுந்தனவோ அந்த மண்ணிலேயே நின்று பார்க்க வேண்டும் என்பது பல ஆண்டுகளாக எனக்குள் இருந்த ஆசை. பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுப்பவள் நான். காலநிலை மாற்றம் என்று தலைப்புக் கொடுத்தால் என் மாணவர்கள் உருகும் பூமிப்பந்து ஒன்றை வரைந்துவிட்டு வண்ணப் பெட்டியை மூடிவிடுகிறார்கள். அதற்கு மேல் அவர்களிடம் எதைக் கேட்பது என்று எனக்கே தெரியாமல் இருந்தது. அந்தக் கேள்விக்காகவும்தான் வந்தேன்.

எடின்பரோவில் வேலை பார்க்கும் அக்கா மகன் விமான நிலையத்தில் காத்திருந்தான். வண்டி ஓட்டுவது அவன் பொறுப்பு, எங்கே நிற்பது என்று சொல்வது என் பொறுப்பு.

மதியம் ஹார்ப்பா இசை அரங்குக்குப் போனோம். துறைமுகத்தின் ஓரத்தில் 2011-இல் திறக்கப்பட்ட இந்தக் கட்டடத்தின் கண்ணாடி முகப்பை ஹென்னிங் லார்சன் கட்டடக் கலைக் குழுவினருடன் சேர்ந்து வடிவமைத்தவர் கலைஞர் ஓலாஃபுர் எலியாசன். எரிமலைக் குழம்பு ஆறி உறையும்போது தூண் தூணாகப் பிளந்து நிற்கும் கருங்கற்களின் வடிவத்தைக் கண்ணாடிக்குக் கொண்டுவந்திருக்கிறார். வானம் மேகத்தால் மூடினால் சுவர் சாம்பல் நிறமாகிறது, வெயில் வந்தால் ஒவ்வொரு கண்ணாடியும் ஒவ்வொரு நிறம் கொள்கிறது. அழகான கட்டடம்தான் என்றாலும் நான் தேடி வந்த எலியாசன் இவர் அல்லர்.

அவரைப் பழைய துறைமுகத்தின் மறுகோடியில் இருக்கும் மார்ஷல் இல்லத்தில்தான் நினைத்துக்கொண்டேன். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கா தந்த மார்ஷல் திட்ட உதவியில் 1948-இல் கட்டப்பட்ட மீன்தூள் ஆலை அது. 2017 முதல் கலைக்கூடமாக இயங்குகிறது, திறந்தபோது எலியாசனுக்கும் அங்கே ஓர் இடம் இருந்தது. அவர் 1999-இல் சிறு விமானத்தில் பறந்து ஐஸ்லாந்தின் பனியாறுகளைப் படமெடுத்தார். அப்போது பனியாறு என்பது மனிதக் கைக்கு எட்டாத, என்றும் நிலைத்திருக்கும் ஒன்று என்றே தாம் எண்ணியிருந்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இருபது ஆண்டுகள் கழித்து 2019-இல் அதே பனியாறுகளை அதே கோணங்களிலிருந்து மறுபடியும் எடுத்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மொத்தம் முப்பது இணைகள். அச்சில் அவற்றை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பனி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அங்கே எந்த அம்புக்குறியும் எண்ணும் சொல்வதில்லை. பார்ப்பவரின் கண்ணே முதல் படத்தின் வெள்ளை விளிம்பை இரண்டாம் படத்தின் பாறைமேல் வரைந்து பார்த்துக்கொள்கிறது. இல்லாமல் போனதைப் பார்ப்பவரையே வரையவைப்பது ஓவியம் கற்பிப்பவர்களுக்குத் தெரிந்த மிகப் பழைய பாடம். அதை இவ்வளவு கனமான ஒன்றுக்குப் பயன்படுத்தியவரை நான் வேறு அறியேன்.

ஒரு சொல்லைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் செய்தித்தாள்கள் மலைமேல் நகரும் பனியையும் கடலில் மிதக்கும் பனிக்கட்டியையும் ஒன்றுபோலப் பனிப்பாறை என்றே எழுதுகின்றன. ஐஸ்லாந்துக்காரர்கள் நிலத்தின்மேல் நகர்வதை மட்டும் யோகுல் என்பார்கள். நான் இந்தக் குறிப்புகளில் பனியாறு என்றே எழுதப்போகிறேன், ஏனென்றால் அது ஓடுகிறது. ஓடுவது நின்றால் என்ன ஆகும் என்பதை நான்காம் நாள் எழுதுவேன்.

இரண்டாம் நாள்: ஆகஸ்டு 12, ஸ்டிக்கிஸ்ஹோல்முர்

ரெய்க்யவிக்கிலிருந்து வடமேற்கே சுமார் 170 கிலோமீட்டர். வழியில் அக்கா மகன் ஒரு கதை சொன்னான். 2018 டிசம்பரில் அவன் லண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது, தேம்ஸ் கரையில் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் முன்னே எலியாசனும் கிரீன்லாந்துக்காரரான மினிக் ரோசிங் என்ற புவியியலாளரும் இருபத்து நான்கு பெரிய பனிக்கட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். இன்னும் ஆறு கட்டிகள் நகரின் வேறோர் இடத்தில் வைக்கப்பட்டன. கிரீன்லாந்தின் பனிப்பரப்பிலிருந்து ஏற்கெனவே உடைந்து நூப் கங்கெர்லுவா என்ற கடற்கழியில் மிதந்துகொண்டிருந்த கட்டிகள் அவை. 2014-இல் கோபன்ஹேகனிலும், 2015-இல் பருவநிலை மாநாட்டின்போது பாரிஸிலும் செய்ததைத்தான் லண்டனில் மூன்றாம் முறையாகச் செய்தார்கள். பாரிஸில் பன்னிரண்டு கட்டிகளையும் கடிகாரத்தின் எண்களைப் போல வட்டமாக நிறுத்தியிருந்தார்கள்.

"நான் காதை வைத்துக் கேட்டேன் சித்தி," என்றான். "உள்ளே யாரோ சொடக்குப் போடுகிற மாதிரி சத்தம். ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்திய காற்று, குமிழி குமிழியாக உடைகிறது என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அடுத்த வாரம் அந்தப் பக்கம் போகவே மறந்துவிட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் வெகுதூரம் வரை யோசித்துக்கொண்டே வந்தேன். பாரிஸுக்குக் கொண்டுவந்த பனி எண்பது டன். அந்தப் பணி முழுவதற்கும் வெளியான கரியமில வாயு ஏறத்தாழ 30 டன் என்று கணக்கெடுத்து அவர்களே வெளியிட்டார்கள். கணக்கை மறைக்காதது பெரிய நேர்மை என்றே நினைக்கிறேன். பனியை ஊருக்குக் கொண்டுவந்து காட்டலாமா என்று குறை சொல்லவும் எனக்கு மனமில்லை, ஏனென்றால் நானே எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர் பறந்து பனியிடம் வந்திருக்கிறேன், அந்தப் பாரம் இந்தப் பயணம் முழுவதும் என்னோடு இருக்கிறது. என் தயக்கம் வேறு. தொட்டுப் பார்த்தால் மனம் இளகும், அதில் சந்தேகமில்லை. இளகிய மனம் அடுத்த வாரமும் அங்கே நிற்க எது உதவும்?

ஒரு பதில் ஸ்டிக்கிஸ்ஹோல்முரின் குன்றின்மேல் இருந்தது. கடலைப் பார்த்தபடி கலங்கரை விளக்கத்தின் சாயலில் நிற்கும் அந்தக் கட்டடம் முன்பு ஊர் நூலகமாக இருந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த கலைஞர் ரோனி ஹார்ன் 1975 முதல் இந்தத் தீவுக்கு வந்துபோய்க்கொண்டிருப்பவர். 2007-இல், ஆர்ட்ஏஞ்சல் என்ற பிரிட்டன் கலை அமைப்பின் துணையோடு, இந்தப் பழைய நூலகத்தைத் தண்ணீர் நூலகமாக மாற்றினார். புத்தக அடுக்குகள் இருந்த இடத்தில் தரையிலிருந்து கூரை வரை இருபத்து நான்கு கண்ணாடித் தூண்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஐஸ்லாந்தின் வெவ்வேறு பனியாற்றிலிருந்து எடுத்துவந்து உருக்கிய தண்ணீர்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். வேறு யாரும் இல்லை. முதலில் எல்லாத் தூணும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. கொஞ்ச நேரம் நின்ற பிறகுதான் ஒவ்வொன்றின் நீரும் ஒவ்வொரு மாதிரி என்பது பிடிபட்டது. சிலவற்றில் படிகம் போலத் தெளிவு, சிலவற்றின் அடியில் பனியாறு மலையை அரைத்துக் கொண்டுவந்த வண்டல். தூணுக்குப் பின்னால் நின்ற அக்கா மகனின் முகம் நீருக்குள் நீண்டு, தலைகீழாகி, மறுபடி சேர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே இருந்த கடலும் படகுகளும் இருபத்து நான்கு முறை வளைந்து தெரிந்தன. பார்க்கிறவர் அசைந்தால் அறை முழுவதும் அசைகிறது.

தரை ரப்பரால் ஆனது. அதில் ஐஸ்லாந்து மொழியிலும் ஆங்கிலத்திலும் சொற்கள் சிதறிக் கிடக்கின்றன. வானிலையைச் சொல்லவும் மனநிலையைச் சொல்லவும் ஒருசேரப் பயன்படும் சொற்கள் அவை. தமிழில் அப்படிப்பட்ட சொற்களுக்குப் பஞ்சமே இல்லை என்று தோன்ற, அங்கேயே உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன்: புழுக்கம், கொந்தளிப்பு, குளிர்ச்சி, உக்கிரம், மந்தம், இதம். நம் முன்னோர்கள் வெளியே உள்ள வானத்துக்கும் உள்ளே உள்ள மனத்துக்கும் தனித்தனிச் சொல் தேடிக்கொண்டிருக்கவில்லை. காலநிலை என்பது எங்கோ தொலைவில் நடக்கும் ஒரு செய்தி என்று நாம் எண்ணத் தொடங்கியது மிகச் சமீபத்தில்தான். ரோனி ஹார்ன் இந்த ஊர்ச் சுற்றுவட்டாரத்து மக்களிடம் அவரவர் கண்ட வானிலையைச் சொல்லச் சொல்லிக் கேட்டுச் சேகரித்ததும் இந்தப் பணியின் ஒரு பகுதி. ஆளுக்கொரு புயல், ஆளுக்கொரு பனிக்காலம் என்று மனிதர்களின் வாழ்க்கையாகவே வானிலை பதிவாகியிருக்கிறது.

இங்கே எதுவும் நம்மை மிரட்டுவதில்லை. மூடி வைத்த நீர் உருகவும் செய்யாது, ஓடவும் செய்யாது. அதனாலேயே எனக்கு அது மிகவும் துயரமான இடமாகப் பட்டது. இறந்தவரின் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்திருக்கும் வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். இங்கே பனியாறுகள் உயிரோடு இருக்கும்போதே எடுத்து மடித்து வைத்துவிட்டார்கள். இரண்டு மணி நேரம் இருந்தோம். கிளம்பலாம் என்று அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள்: ஆகஸ்டு 13, ஹெல்காஃபெல் வழியாக ஹூசாஃபெல்

இன்று பெரும்பாலும் பயணம்தான். காலையில் ஊருக்குத் தெற்கே ஹெல்காஃபெல் என்ற சிறு குன்றில் ஏறினோம். உயரம் 73 மீட்டர்தான். அடிவாரத்துக் கல்லறையிலிருந்து பேசாமலும் திரும்பிப் பார்க்காமலும் உச்சிக்கு ஏறினால் மூன்று வேண்டுதல் பலிக்கும், ஆனால் யாரிடமும் சொல்லக்கூடாது என்பது இந்தப் பகுதியின் பழைய நம்பிக்கை. அப்படியே ஏறினோம். வேண்டியதை எழுதப்போவதில்லை.

உச்சியிலிருந்து மேற்கே மேகத்துக்குள் இருந்த ஸ்னைஃபெல்ஸ்யோகுலைத் தேடினேன், தெரியவில்லை. வானம் தெளிந்த நாளில் ரெய்க்யவிக்கிலிருந்தே கடலுக்கு அப்பால் தெரியும் பனி மூடிய எரிமலை அது. தலைநகரத்து மக்கள் அன்றாடம் பார்த்து வளர்ந்த அந்த வெள்ளைச் சிகரத்தில் 2012 ஆகஸ்டில், பதிவேடுகள் அறிந்தவரை முதல்முறையாக, பனியே இல்லாமல் போயிற்று. மாலையில் ஹூசாஃபெல் வந்து சேர்ந்தோம். நாளைக்கு மழை இருக்காது என்று முன்னறிவிப்பு சொல்கிறது.

நான்காம் நாள்: ஆகஸ்டு 14, ஓக்

இரவு பத்து மணிக்கு இதை எழுதுகிறேன், வெளியே இன்னும் முழுதாக இருட்டவில்லை. கால் இரண்டும் கெஞ்சுகின்றன.

ஹூசாஃபெல்லிலிருந்து தெற்கே போகும் கால்திதாலுர் சாலை கோடையில் மட்டும் திறந்திருக்கும் சரளைப் பாதை. கிழக்கே லாங்யோகுலின் வெள்ளைப் பரப்பு தொடர்ந்து வந்துகொண்டிருக்க, மேற்கே கவிழ்த்து வைத்த தட்டுபோல ஒரு மலை. அதுதான் ஓக், ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம். ஐஸ்லாந்து மொழியில் அந்தச் சொல்லுக்கு நுகம் என்று பொருள். கழுத்தில் ஏற்றிய நுகத்தடியின் பெயரை இந்த மலைக்கு வைத்தவர்கள், எந்தச் சுமை எப்போது வந்து ஏறும் என்று அறிந்திருக்க முடியாது.

பாதை என்று ஒன்றும் இல்லை. சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு, பாசி படர்ந்த கற்களின்மேல் ஏறத் தொடங்கினோம். உயரம் கூடக்கூடப் பாசியும் போய், வெறும் கற்கள். ஒவ்வொரு கல்லும் காலடியில் லேசாக ஆடியது. இந்தக் கற்கள் பனிக்கு அடியில் கிடந்தவை, வெயிலையும் காற்றையும் கண்டு சில பத்தாண்டுகளே ஆனவை என்று நினைத்தபோது காலை அழுத்தி வைக்கக் கூச்சமாக இருந்தது.

1901-இல் வரைந்த நிலவியல் வரைபடத்தில் இந்தப் பனியாறு சுமார் 38 சதுர கிலோமீட்டர். 1978-இல் விமானத்திலிருந்து எடுத்த படத்தில் 3 சதுர கிலோமீட்டர். 2019-இல் எஞ்சியது ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. ஆனால் அது இறந்ததாக அறிவிக்கப்பட்டது பரப்பைப் பார்த்து மட்டும் அல்ல. விழும் பனி ஆண்டுக்கணக்கில் அடுக்கடுக்காக அமுங்கிக் கட்டியாகி, நாற்பது ஐம்பது மீட்டர் கனம் சேர்ந்தால்தான் தன் எடையாலேயே நகரத் தொடங்கும். நகர்ந்தால்தான் அது யோகுல். ஐஸ்லாந்து வானிலை ஆய்வகத்தின் பனியாற்றியலாளர் ஒட்டுர் சிகுர்ட்சன் 2014-இல் இங்கே ஏறிவந்து பார்த்தபோது, எஞ்சிய பனி நகரும் கனத்தை இழந்திருந்தது. ஓக்யோகுல் என்று அதுவரை வழங்கிய பெயரிலிருந்து யோகுல் கழன்றது. ஆறு என்ற சொல்லுக்கு ஓட்டம்தான் உயிர், ஓட்டம் நின்றபின் அதைப் பனி என்று சொல்லலாம், பனியாறு என்று சொல்ல முடியாது. நம் மொழியிலேயே அந்த இறப்புச் சான்றிதழ் எழுதப்பட்டிருக்கிறது என்று மூச்சு வாங்க நின்ற ஓரிடத்தில் தோன்றியது.

ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆயிற்று. எரிமலை வாயின் விளிம்புக்கு அருகே ஒரு பாறையில் பதித்த உலோகத் தகட்டைக் கண்டோம். கீழே எரிமலை வாய்க்குள் பனி இருந்த இடத்தில் சிறு ஏரி ஒன்று, நீல நிறத்தில். ஓரத்தில் அழுக்குப் படிந்த பனித் திட்டுகள்.

தகட்டைப் பதிக்கும் எண்ணம் ரைஸ் பல்கலைக்கழகத்து மானிடவியலாளர்களான சிமீன் ஹாவ், டொமினிக் போயர் இருவருடையது. வாசகத்தை எழுதியவர் ஐஸ்லாந்து எழுத்தாளர் அன்ட்ரி ஸ்னைர் மாக்னாசன். 2019 ஆகஸ்டு 18 அன்று அந்நாட்டுப் பிரதமர் கத்ரீன் யாகப்ஸ்தோத்திர் உட்பட நூறு பேர் அளவில் இந்தக் கற்களின்மேல் நடந்துவந்து அதைப் பதித்தார்கள். நான்கு ஆண்டு நிறைய இன்னும் நான்கு நாள் இருக்கிறது. எதிர்காலத்துக்கு ஒரு கடிதம் என்ற தலைப்பில் ஐஸ்லாந்து மொழியிலும் ஆங்கிலத்திலும் சில வரிகள்தான். அவற்றை அங்கேயே உட்கார்ந்து தமிழில் எழுதினேன்:

ஐஸ்லாந்தில் பனியாறு என்ற தகுதியை இழந்த முதல் பனியாறு ஓக். அடுத்த 200 ஆண்டுகளில் நம் பனியாறுகள் எல்லாம் இதே வழியில் போகும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. என்ன நடக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும் என்று ஒப்புக்கொள்வதற்காக இந்த நினைவுச் சின்னம். நாங்கள் அதைச் செய்தோமா என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும்.

எழுதி முடித்த பிறகுதான் எங்கே தடுமாறியிருக்கிறேன் என்று கவனித்தேன். ஐஸ்லாந்து மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும் தன்மைப் பன்மை ஒரே சொல். தமிழில் நாம் வேறு, நாங்கள் வேறு. கேட்பவரையும் சேர்த்துக்கொள்வதா, விலக்கி நிறுத்துவதா என்று முடிவு செய்யாமல் இந்தக் கடிதத்தில் ஒரு வரியைக்கூடத் தமிழில் எழுத முடியாது. இரண்டாம் வரியில் என்னை அறியாமல் நம் பனியாறுகள் என்று எழுதியிருந்தேன். மூன்றாம் வரியில் எங்களுக்குத் தெரியும் என்று மாறியிருந்தேன். கடிதம் எழுதியவர்களின் பக்கம் நிற்பவளா நான், கடிதத்தைப் பெறுகிறவளா? 2019-க்குப் பிறகு வந்து படிப்பதால் நானும் ஒருவகையில் எதிர்காலம்தான். அவர்கள் கேட்ட கேள்விக்கு நான்கு ஆண்டுக்கான பதில் என்னிடம் இருக்கிறது. தகட்டின் அடியில் காற்றில் இருந்த கரியமில வாயுவின் அளவைப் பத்து லட்சத்தில் 415 பங்கு என்று பொறித்திருக்கிறார்கள். இந்த ஆண்டு மே மாதம் ஹவாய்த் தீவின் மௌனா லோவா நிலையத்தில் பதிவான மாதச் சராசரி 424. இதை அந்தப் பாறையிடம் சொல்ல வாய் வரவில்லை.

நம் கோயில் கல்வெட்டுகளும் எதிர்காலத்தோடு பேசுகிறவைதான். நிலம் கொடுத்தவர், விளக்கு வைத்தவர், குளம் வெட்டியவர் எல்லாரும் கடைசியில், இந்தத் தர்மத்தைக் காப்பவர் பாதம் என் தலைமேல் என்று பொறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பிறக்கப்போகும் யாரோ ஒருவரின் காலில் முன்கூட்டியே விழுந்து வணங்கும் அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும். அவர்களிடம் காக்கச் சொல்லிக் கொடுப்பதற்கு ஒரு குளமோ ஒரு விளக்கோ இருந்தது. ஓக் மலையின் தகட்டுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை, அதனால் அது தன்னை விசாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறது. வணங்குவதற்குப் பதிலாகச் சாட்சிக் கூண்டில் ஏறி நிற்கும் கல்வெட்டை நான் இதற்குமுன் கண்டதில்லை.

இதைக் கலை என்று சொல்லலாமா என்று இறங்கும்போது அக்கா மகன் கேட்டான். ஒரு தகடு, சில வரிகள், அதைப் பார்க்க மூன்று மணி நேரம் கல்லில் நடக்க வேண்டிய கட்டாயம். அந்த நடையையும் சேர்த்துத்தான் அது என்று சொன்னேன். லண்டனில் பனி அவனைத் தேடி வந்தது, அவன் மறுவாரம் மறந்தான். இங்கே ஒவ்வொரு கல்லிலும் கால் தடுமாறி ஏறி வந்திருக்கிறான். "இதை மறக்கமாட்டேன் சித்தி, முட்டி மறக்கவிடாது," என்றான். கொண்டுவந்த தண்ணீர்ப் புட்டியிலிருந்து கொஞ்சம் அந்தப் பாறையடியில் ஊற்றிவிட்டுத்தான் இறங்கியிருந்தேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள்: ஆகஸ்டு 15, தெற்குக் கடற்கரை

நாள் முழுவதும் சாலை. தெற்குக் கரையில் மலைவிளிம்பிலிருந்து அருவிகள் வரிசையாக விழுகின்றன, ஒவ்வொன்றின் கீழும் பேருந்துகள். எனக்கு ரூரி என்ற ஐஸ்லாந்துப் பெண் கலைஞரின் நினைவு வந்தது. 2003-இல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் அவர் ஐம்பத்திரண்டு அருவிகளின் படங்களை ஓர் எஃகுச் சட்டகத்தில் ஏடுகளாகச் செருகி வைத்திருந்தார். ஏட்டை வெளியே இழுத்தால் அந்த அருவியின் சத்தம் கேட்கும், உள்ளே தள்ளினால் அடங்கிவிடும். ஆபத்தில் இருக்கும் நீர்களின் ஆவணம் என்று அதற்குப் பெயர். அவற்றுள் சில இன்று இல்லை. கிழக்கே காராநியூகர் என்ற இடத்தில் அலுமினிய ஆலைக்கு மின்சாரம் தரக் கட்டிய பேரணையின் நீருக்குள் அருவிகள் மூழ்கின. பனியாறு உருகி வரும் நீரில் எடுக்கும், புகை கக்காத மின்சாரம் அது. அதற்கும் ஒரு விலை இருந்தது என்பதை ரூரியின் எஃகுப் பெட்டி மறக்கவிடவில்லை. காலநிலையைப் பற்றிப் பேசும் கலை பனியைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால் போதாது என்று நான் நினைப்பதற்கு அந்தப் பெட்டி ஒரு காரணம்.

மாலையில் சோல்ஹைமாயோகுல். மிர்தால்ஸ்யோகுல் என்ற பெரும் பனிப்பரப்பிலிருந்து இறங்கும் நாக்கு இது, நுனியில் சாம்பல் நிறத்தில் ஏரி கட்டியிருக்கிறது. பக்கத்து ஊரான ஹ்வோல்ஸ்வோத்லுரின் பள்ளிப் பிள்ளைகள் 2010 முதல் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் இங்கே வந்து பனி எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது என்று அளக்கிறார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். இந்த நாட்டில் தன்னார்வலர்கள் பனியாறுகளின் நுனியை 1930 முதலே அளந்துவருகிறார்கள் என்பது தெரியும், ஆனால் குழந்தைகள் நாடா பிடித்து நிற்கும் காட்சியை நினைத்தபோதுதான் நான் பள்ளிக்குத் திரும்பி என்ன செய்யவேண்டும் என்று விளங்கியது. எங்கள் பள்ளியின் பின்புறம் ஒரு குளம் இருக்கிறது. ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில், மாதம் ஒருமுறை அதன் நீர்விளிம்பை வரையச் சொல்லப்போகிறேன். ஆறாம் வகுப்பில் தொடங்கும் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் போகும்போது கையில் ஏழாண்டுக் கோடுகள் இருக்கும். உருகும் பூமிப்பந்தை இனி யாரும் வரைய வேண்டாம்.

ஆறாம் நாள்: ஆகஸ்டு 16, யோகுல்சார்லோன்

ஐரோப்பாவின் மிகப் பெரிய பனிப்பரப்புகளில் ஒன்றான வட்னாயோகுலின் ஒரு கிளை கடலை நோக்கி இறங்கிவந்து, 1930-களிலிருந்து பின்வாங்கத் தொடங்கியபோது விட்டுச்சென்ற பள்ளத்தில் உண்டான ஏரி இது. இன்று இந்த நாட்டின் மிக ஆழமான ஏரிகளில் ஒன்று. உடைந்த பனிமலைகள் நீலமும் வெள்ளையும் எரிமலைச் சாம்பலின் கறுப்புமாக மிதந்து, பாலத்தடியில் நுழைந்து கடலுக்குப் போகின்றன. அலை சிலவற்றைத் திருப்பி எறிகிறது, கறுப்பு மணலில் அவை கண்ணாடிப் பாத்திரங்களைப் போலக் கிடக்கின்றன. மிக அழகான இடம். அழகு முழுவதும் இழப்பிலிருந்து வருகிறது என்பது தெரிந்தே எல்லாரும் படமெடுக்கிறோம்.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கலைஞர் கேட்டி பேட்டர்சன் மாணவியாக இருந்த காலத்தில், 2007-இல், இந்த ஏரித் தண்ணீருக்குள் ஓர் ஒலிவாங்கியை இறக்கி அதைக் கைபேசி ஒன்றோடு இணைத்தார். அந்த எண்ணை நியான் விளக்கில் எழுதிக் கண்காட்சியில் மாட்டினார். உலகில் எங்கிருந்து வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் அழைத்து, பனியாறு உருகும் சத்தத்தை அந்த நேரத்தில் நடப்பதை நடக்கிறபடியே கேட்கலாம். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும்தான் கேட்க முடியும். பத்தாயிரம் பேருக்கு மேல் அழைத்தார்கள். அதே ஆண்டில் லாங்யோகுல், ஸ்னைஃபெல்ஸ்யோகுல், சோல்ஹைமாயோகுல் மூன்றின் ஒலிகளையும் பதிவுசெய்து, அந்தந்தப் பனியாற்றின் உருகிய நீரையே உறையவைத்து இசைத்தட்டுகளாக வார்த்து, அவை சுழன்று சுழன்று கரைந்து தீரும் வரை ஓடவிட்டார். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஓடினவாம்.

இத்தனை வேலைகளிலும் என் நெஞ்சுக்கு நெருக்கமானது அந்தத் தொலைபேசி எண்தான். தூரத்தில் இருக்கும் பெரியவர் உடம்பு முடியாமல் கிடக்கிறார் என்றால் நாம் என்ன செய்வோம்? உடனே போக முடியாவிட்டாலும் போன் போட்டு, பேச முடியாதவராக இருந்தால் காதருகே வைக்கச் சொல்லி, மூச்சுச் சத்தத்தையாவது கேட்போம். அந்த ஒரு நிமிடம் வேறு யாருக்கும் உரியது அல்ல. பேட்டர்சன் ஒரு பனியாற்றை அந்த உறவுக்குள் கொண்டுவந்துவிட்டார். அதற்காக ஒரு துண்டுப் பனியையும் இடம்பெயர்க்கவில்லை, யாரையும் விமானம் ஏறச் சொல்லவில்லை.

அந்த எண் இப்போது வரலாறு. கடற்கரை மணலில் குந்தி, என் முழங்கை அளவுக் கட்டி ஒன்றில் காதை வைத்துக்கொண்டிருந்தேன். அக்கா மகன் கைபேசியை எடுத்தான். ஊரில் சாயங்காலம், விளக்கு வைக்கும் நேரம். அவன் அம்மாவை அழைத்து, ஒன்றும் விளக்காமல், கைபேசியைப் பனிக்கட்டியோடு ஒட்டிப் பிடித்தான். அலைச்சத்தத்தை மறைக்க நான் என் சால்வையால் மூடினேன்.

"என்னம்மா கேக்குது?" என்றான் கொஞ்ச நேரம் கழித்து.

"என்னடா இது, எண்ணெயில கடுகு வெடிக்கிற மாதிரி இருக்கு. சித்தி சமைக்கிறாளா?"

"இல்லம்மா. பனி. ரொம்ப வருஷத்துக் காத்து, உள்ள இருந்து வெளியே வருது."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அவன் திரையைப் பார்க்கப்போனான்.

"எடுக்காதே," என்றாள் அக்கா. "இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே வை."